கவனிக்கப்படாத காமிரா

சின்னக் காமிராக்களை மதிப்பிடுகிறவர்கள் லென்ஸ், சென்ஸார், எடை, விலை என்று சொல்லிவந்து கடைசியில் ஒரு குணத்தைத் தவறாமல் புகழ்கிறார்கள்: அதை யாரும் கவனிப்பதில்லை. மற்றதெல்லாம் காமிராவைப் பற்றிய செய்தி. இது ஒன்றுதான் எதிரில் இருக்கிற மனுஷனைப் பற்றியது. என் விசாரமும் இதைப் பற்றியதே.

என்னிடம் இருப்பது 2019இல் வெளிவந்த ரிக்கோ ஜிஆர் 3. பாட்டரியோடு 257 கிராம், சட்டைப்பையில் அடங்கிவிடும். உள்ளே பெரிய காமிராக்களுக்குரிய ஏபிஎஸ்-சி சென்ஸார், 24 மெகாபிக்ஸல். 28 மில்லிமீட்டருக்குச் சமமான ஒரே லென்ஸ். கழற்றி மாற்ற முடியாது. கண் வைத்துப் பார்க்கத் துவாரம் கிடையாது. தூரத்தை ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று முன்னாடியே நிறுத்திவைத்துப் பார்த்த கணத்தில் அழுத்திவிடலாம். சத்தம் கேட்காது. பாட்டரி சீக்கிரம் தீரும். தூசியும் உப்புக்காற்றும் ஆகாது. படத்தின் தரத்தில் எனக்குப் புகார் இல்லை.

இதைப் பிள்ளைச்சாவடிக்குக் கொண்டுபோனேன். புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊர். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவர்கள், கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. மணல் வராத வடகரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. கருங்கல் கொட்டின இடத்தில் அரிப்பு நிற்கும். கல் முடிகிற இடத்துக்கு வடக்கே மறுபடி தொடங்கும். இப்படி ஊர் ஊராக நகர்ந்து வந்த அரிப்பு.

கடல்பக்கத்துச் சுவர் விழுந்த ஒரு வீடு. அலமாரி, சாமி படம், கொடியில் துணி எல்லாம் கரையில் நடக்கிறவனுக்குத் தெரிகின்றன. ஒரு அம்மாள் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் இருப்பது உள்ளேயா, வெளியேயா? நான் நின்றது பொது இடம்தான். ஆனால் சுவரை அவளா திறந்துவைத்தாள்? அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே மறைப்பு, பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிவது, “எந்தப் பேப்பரு?” என்று கேட்க முடிவது. தோளில் தொங்கும் பெரிய காமிரா அதை அவளுக்கு விட்டுவைக்கிறது. என் 257 கிராம் அதையும் எடுத்துக்கொள்ளும்.

கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பார்கள். இந்தக் கட்சிக்கு ஆதிகுரு கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். லைக்காவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டி வைத்தவர். அவரே 1950 ஏப்ரலில், பிரெஞ்சு ஆட்சி நீங்காத புதுச்சேரிக்கு வந்து, வெகுகாலமாகப் படமெடுக்க இடம்தராதிருந்த அரவிந்தரை அனுமதி பெற்று எடுத்தார். அதே சின்னக் காமிராதான். நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்தக் கிழவரின் படங்கள் உயிரில்லாதவை என்று யாரும் சொன்னதில்லை. கதவு இருக்கிறவரிடம் அனுமதி, கதவு போனவளிடம் இயல்பு என்றால், இதை அழகியல் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே காமிராவின் லென்ஸ் ஒளிந்துகொள்ள விடாது. தூரத்திலிருந்து எடுத்தால் ஆள் எறும்பாகிவிடுகிறாள். முகம் வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டருக்குள் போகவேண்டும். அவ்வளவு கிட்டத்தில் யாரும் கவனிக்கப்படாமல் நிற்க முடியாது. கண்ணுக்குத் துவாரம் இல்லாததால் எடுப்பவன் முகமும் மறைவதில்லை. மதிப்புரைகளில் இவை இரண்டும் குறைகள் பகுதியில் இருக்கின்றன. நான் இடம் மாற்றி வைப்பேன்.

கிட்டே போய்க் கேட்டேன். “என்ன வேணாம் தம்பி. கல்லு எதுவரைக்கும் போட்டிருக்குன்னு எடு” என்றாள்.

அகன்ற லென்ஸ் அதற்குச் சரியாக இருந்தது. கல் முடிகிற இடமும், அதற்கு வடக்கே அவள் வீடும் ஒரே படத்தில் வந்தன.