ஒப்புமையும் உண்மையும்

ஒரு பொருளைப் போலவே மற்றொன்றைச் செய்துகாட்டினால், முதற்பொருளை அறிந்துவிட்டதாகக் கொள்ளலாமா? தத்துவத்தில் பழையதாகிய இவ்வினா, பேரண்டத்தின் அமைப்பை ஆராய்வோர்க்கு இன்றும் புதியதே. கோடானுகோடி விண்மீன்களைக் கொண்ட மண்டலங்கள் வானில் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. இழைகளாகவும் சுவர்களாகவும் திரண்டு, இடையிடையே பெரும் வெற்றிடங்களை விட்டு நிற்கின்றன. அவை திரண்ட விதத்தைச் சோதனைக்கூடத்தில் நிகழ்த்திப் பார்த்தல் இயலாது. அதற்கு 1,300 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. எனவே மாதிரியை நாடுவதன்றி ஆய்வாளர்க்கு வேறு வழியில்லை.

அத்தகைய மாதிரி ஒன்றை 1941-இல் சுவீடன் நாட்டு வானியலார் எரிக் ஹோல்ம்பர்க் மின்விளக்குகளைக் கொண்டு அமைத்தார். ஒளியின் செறிவும் ஈர்ப்பு விசையும் தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகின்றன என்ற ஒற்றுமையே அவருக்குத் துணை. மண்டலத்திற்கு 37 ஆக, இரண்டு மண்டலங்களுக்கு 74 விளக்குகளைப் பரப்பினார். ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் விழும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்து, அவ்வளவையே ஈர்ப்பாகக் கொண்டு விளக்குகளைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். நெருங்கிக் கடக்கும் மண்டலங்கள் உருக்குலையும் என்பதும், வேகம் இழந்து ஒன்றோடொன்று பிணைந்துவிடவும் கூடும் என்பதும் புலனாயின. விளக்கு விண்மீன் அன்று. ஒளி ஈர்ப்பும் அன்று. எந்த ஓர் உறவில் ஒப்புமை உண்டோ, அந்த அளவிலேயே அவர் நின்றார். மாதிரி செய்வோர்க்கு வேண்டிய முதல் நேர்மை இது.

இரண்டாவது நேர்மை இதனினும் கடினமானது. 1980-இல் மாஸ்கோ ஆய்வாளர் சிலர் நியூட்ரினோ என்னும் நுண்துகளுக்குக் கணிசமான நிறை உண்டு என அறிவித்தனர். கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் அதுவாகவே இருக்கலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. அறியப்பட்ட துகள் ஒன்றே பெரும்புதிரை விடுவிக்கும் என்றால் எவருக்குத்தான் மகிழ்ச்சி வராது! 1983-இல் சைமன் வைட், கார்லோஸ் ஃபிரெங்க், மார்க் டேவிஸ் ஆகிய மூவர் அக்கருத்தைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தனர். விரைந்தோடும் நியூட்ரினோக்கள் சிறு திரட்சிகளை அழித்துவிட்டன. மண்டலங்கள் காலந்தாழ்ந்து தோன்றின. அவற்றின் திரள்களோ வானில் காணப்படுவதைவிட மிகப் பெரிதாயின. மாதிரியை வளைத்து நம்பிக்கையைக் காப்பாற்ற அவர்கள் முயலவில்லை, நம்பிக்கையைத்தான் கைவிட்டனர். மாஸ்கோ அளவீடும் பின்னர் நிலைக்கவில்லை.

1985-இல் மெதுவாக இயங்கும் கரும்பொருளைக் கொண்டு மேலும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் செய்த மாதிரி, வானோடு பெரிதும் ஒத்தது. ஆயினும் அடர்த்தி மிக்க இடங்களில் மட்டுமே மண்டலங்கள் தோன்றும் என்ற கூடுதல் எடுகோள் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. தேவையான எடுகோளுக்கும் வசதியான எடுகோளுக்கும் இடையே கோடு எங்கே கிழிப்பது? அன்று அதை எவராலும் திட்டமாகச் சொல்ல இயலவில்லை.

2005-இல் வெளிவந்த மில்லேனியம் மாதிரி சுமார் 1,000 கோடி துகள்களைக் கொண்டது. அதன் படங்கள் கண்ணைப் பறிப்பவை. அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டுவது. அதில் கரும்பொருள் மட்டுமே ஈர்ப்பின்படி நகர்ந்தது. மண்டலங்கள் தனி விதிகளால் பின்னர் சேர்க்கப்பட்டவை. அக்கரும்பொருளின் துகள் இன்றுவரை எந்தச் சோதனைக்கூடத்திலும் அகப்படவில்லை.

அம்மாதிரி மாறாதது என்று கொண்ட கரும் ஆற்றலும் இப்போது கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அரிசோனா மாநிலத்துக் கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகளால் மண்டலங்களின் ஒளியைச் சேர்க்கும் டெசி ஆய்வு, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள், அவ்வாற்றல் காலப்போக்கில் மாறிவரக்கூடும் என்னும் ஐயத்தை எழுப்பியுள்ளன.