தொட்டியில் வளரும் ஆல்

மாநகர அடுக்ககங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஃபைகஸ் பெஞ்சமினா என்னும் சிற்றிலை மரம் பலராலும் விரும்பி வளர்க்கப்படுகிறது. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது அது. வாங்கும்போது முழங்கால் உயரம். சில ஆண்டுகளில் மேற்கூரையை முட்டும். வெளிச்சம் வரும் சன்னல் பக்கமே சாய்ந்து, மறுபுறம் இலையற்று, கிளைகள் நூலாய் நீண்டு நிற்கும். அந்நிலையில்தான் இல்லத்தாருள் ஒருவருக்கு அதனைச் சப்பானியர் போன்சாய் என வழங்கும் குறுமரமாகத் திருத்திப் பார்க்கும் ஆசை பிறக்கிறது. உடனே வீட்டின் மூத்தவர் கேட்பார்: “வளரத் துடிக்கும் உயிரை வெட்டிக் கட்டிக் குறுக்குவது பாவமல்லவா?”

இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரையே ஈந்த பாரியைப் போற்றும் மரபினர் நாம். மரத்திற்கு நோவு தெரியாது என்று விடை கூறுவோர் உண்டு. அதற்கு நரம்பும் மூளையும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் கேட்டவர் நோவைப் பற்றிக் கேட்கவில்லை; நமக்குள்ள உரிமையைப் பற்றிக் கேட்டார்.

உரிமையை ஆராயுமுன் தொழிலைச் சற்று அறிதல் நன்று. ஆலினம் வெட்டைத் தாங்கும். ஹவுராவின் சிவ்பூர் தாவரவியல் தோட்டத்துப் பேராலமரத்தின் நடுமரம் நோயுற்று 1925-இல் அகற்றப்பட்டது. விழுதுகளை ஊன்றி அம்மரம் இன்றும் படர்ந்து நிற்கிறது. நம் தொட்டி மரமும் முற்றிய தண்டிலிருந்து புதுத்தளிர் விடவல்லது. அது ஊக்கமாய் வளரும் மழைக்காலத் தொடக்கத்தில் வெட்டவேண்டும். வெட்டுவாயில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். புதிதாய்த் தொடங்குவோர் தலையையும் வேரையும் ஒரே நாளில் வெட்டிவிடுவர், அது தகாது. கிளையை வெட்டியபின் மரம் தேறும்வரை பொறுத்து, வேர்ப்பணியை அடுத்த பருவத்திற்கு ஒத்திவைக்க வேண்டும். கிளையை வளைக்கச் சுற்றும் அலுமினியக் கம்பியை அடிக்கடி பார்த்து, பட்டையில் பதியுமுன் எடுத்துவிட வேண்டும். இவ்வளவு செய்தும் மரத்தின் இயல்பு மாறுவதில்லை. அதன் கொம்பொன்றை ஒடித்து நிலத்தில் வேரூன்றச் செய்தால் பெருமரமாகவே வளரும்.

இனி உரிமைக்கு வருவோம். தொட்டியில் வைத்த அன்றே மரத்தின் விடுதலை போயிற்று. வெட்டாமல் விட்டால் வேர்கள் தொட்டிக்குள் வட்டமிட்டுத் தம்மையே நெருக்கும்; கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் ஒரு செயலே. நிலத்தில் நடலாமே எனில், நான்காம் மாடிக்காரருக்கு நிலம் ஏது? கட்டடத்தை ஒட்டி நட்டால் வேர் மதிலைப் பிளக்கும். ஆகவே கிளையையும் வேரையும் நறுக்குவது பேணுதலே என்பேன். ஆனால் கம்பி சுற்றுவது மரத்தின் தேவைக்காக அன்று, நம் கண்ணுக்காக. இரண்டையும் ஒன்றாக்கி, “எல்லாம் மரத்தின் நன்மைக்கே” என்பது பொய். பிள்ளையின் காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து புகட்டுவதையும், விரும்பாத பொறியியல் கல்லூரியில் அவனைச் சேர்ப்பதையும் நாம் ஒரே சொல்லால்தானே “உன் நன்மைக்கே” என்கிறோம்!

கண்ணுக்காகச் செய்வது தவறென்றும் சொல்லேன். அதற்கொரு கடன் உண்டு. ஆழமற்ற தட்டில் நிற்கும் மரம் நீருக்கு முற்றிலும் நம்மையே நம்பியிருக்கும். 1625 முதல் பேணப்பட்டுவரும் வெள்ளைப் பைன் குறுமரம் ஒன்று, இரோசிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தபோது, 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் விழுந்த அணுகுண்டிற்குத் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு வாசிங்டனில் உள்ளது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் யாரேனும் ஒருவர் அதன் அருகில் இருந்திருக்கிறார்.

நாமோ கோடை விடுமுறை தொடங்கியதும் வீட்டைப் பூட்டி ஊருக்குப் புறப்படுவோர். தில்லியின் மே மாத அனற்காற்றில் ஆழமற்ற தட்டு ஓரிரு நாளில் வறண்டுபோகும். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும் எதிர்வீட்டுப் பஞ்சாபி நண்பர் நல்லவர்தாம்; வாரத்திற்கு இருமுறை நீர் ஊற்றுவார். பெரிய தொட்டிக்கு அது போதும், தட்டிற்குப் போதாது. ஆதலின் மூத்தவர்க்கு என் விடை இது: மரத்தை வெட்டலாம், தொட்டியிலேயே வைத்துச் சிறிதாக்கலாம், தட்டிற்கு மாற்றுவதை மட்டும், மே மாதத்தில் வீட்டில் தங்க ஒருவர் இசையும்வரை நிறுத்திவையுங்கள்.