உயர்திணையா, அஃறிணையா?

1855இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. எந்தப் பெண்ணையும் அவளது விருப்பத்துக்கு மாறாக வன்புணர்வது குற்றம் என்றது அது. 'எந்தப் பெண்ணையும்' என்ற அந்த இரண்டு சொற்களில்தான் சீலியாவின் உயிர் ஊசலாடியது. ராபர்ட் நியூசம் என்ற பண்ணைக்காரன் அவரை விலைக்கு வாங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 14 வயது. ஐந்து ஆண்டுகள் அவரை வன்புணர்ந்து வந்தான். 1855 ஜூன் 23 இரவு, கர்ப்பமாக இருந்த சீலியா தன் குடிசைக்கு வந்தவனைத் தடியால் அடித்துக் கொன்றார். அந்தச் சட்டம் அடிமைப் பெண்ணுக்கும் பொருந்தும், தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று ஜூரிக்கு எடுத்துச் சொல்லும்படி அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டார்கள். நீதிபதி மறுத்தார். பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் அவரைக் குற்றவாளி என்றார்கள். டிசம்பர் 21 அன்று தூக்கிலிட்டார்கள்.

கொலைக்காகத் தூக்கிலிட வேண்டுமானால் அவர் மனுஷியாக இருந்தாக வேண்டும். மாடு முட்டி ஒருவன் செத்தால் மாட்டுக்கு ஜூரி வைப்பதில்லை. அப்படியானால் வன்புணரப்பட்டபோது அந்த மனுஷி எங்கே போனார்? குற்றம் செய்தால் உயர்திணை. குற்றம் இழைக்கப்பட்டால் அஃறிணை. (ஆளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியம் அடுக்கும்போது அடிமை, பெண்மை, குழவி மூன்றும் அந்த வரிசையில் வருகின்றன. அரசும் வருகிறது, ஆகவே இலக்கணத்தின் மேல் பழி போட முடியாது. ஆனாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சீலியா நினைவுக்கு வருகிறார்.)

இந்த இரட்டைக் கணக்கு கருப்பையிலிருந்தே தொடங்குகிறது. பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று 1662இல் வர்ஜீனியா சட்டமியற்றியது. ஆங்கிலேயர் வழக்கில் பெயரும் சொத்தும் தந்தைவழி. இங்கே மட்டும் தாய்வழி. தாய்க்குச் செய்த மரியாதை அல்ல அது. எஜமானனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்தது பிள்ளையாகாமல் சொத்தாகவே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்ட பின் அந்த ஏற்பாடே முதலீடாயிற்று. 1860இல் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமைமுறை உண்டா இல்லையா என்று 1820, 1850, 1854 என நாடாளுமன்றம் மாறி மாறிச் சண்டையிட்டதும், கன்சாஸில் ரத்தம் சிந்தியதும், இந்தப் பிள்ளைகளை விற்கும் சந்தை எதுவரை நீளும் என்பதற்காகவும்தான்.

ஒரே மாநிலத்துக்குள் இரண்டு பதில்களையும் ஒரே நீதிபதி கூசாமல் சொல்லிவிடலாம். பெண் ஆற்றைக் கடந்துவிட்டால்?

1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் கணவரோடும் நான்கு பிள்ளைகளோடும் கென்டக்கியிலிருந்து தப்பி, உறைந்துகிடந்த ஒஹாயோ ஆற்றின் மேல் நடந்து சின்சினாட்டிக்கு வந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, அடிமைத்தனத்துக்குத் திரும்பக் கூடாதென்று தன் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றார். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர் திருப்பித் தரவேண்டிய உடைமை. (உடைமைதான் என்று தீர்ப்பளிக்கும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், இல்லையென்றால் 5 டாலர்.) ஒஹாயோ சட்டப்படி அவர் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர். அடிமைமுறையை எதிர்த்தவர்கள் அவரைக் கொலைக்காக விசாரிக்க வேண்டும் என்று போராடினார்கள். கொலைகாரி என்றால் மனுஷி என்று பொருள். பெண்ணுரிமைப் போராளி லூசி ஸ்டோன், வெளிறிய நிறத்தில் இருந்த அந்தப் பிள்ளைகளின் முகங்களே என்ன நடந்தது என்று சொல்கின்றனவே என்று நீதிமன்றத்திலேயே சுட்டிக்காட்டினார்.

அந்த உத்தியின் நியாயம் எனக்குப் புரிகிறது, மனம் ஒப்பவில்லை. சட்டம் ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய மிக உயர்ந்த அங்கீகாரம் குற்றவாளிக் கூண்டு என்றால், அதைக் கேட்டு வாங்க வேண்டுமா? அதுவும் கிடைக்கவில்லை. உடைமை என்ற பதில் வென்றது. மார்கரெட் தெற்கே அனுப்பப்பட்டு 1858இல் டைஃபாய்டில் இறந்தார்.

போர் மாநில உரிமைகளுக்காக நடந்தது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். மார்கரெட் வழக்கில் மாநில உரிமை பேசியது ஒஹாயோ. அதை மிதித்தது ஒன்றிய அரசின் சட்டம், தெற்கு கேட்டு வாங்கிய சட்டம். 1860 டிசம்பரில் பிரிந்துபோன தென் கரோலினா, அதற்கான காரணங்களை எழுதி வெளியிட்டது. வட மாநிலங்கள் தப்பியோடியவர்களைத் திருப்பித் தரவில்லை, நியூயார்க் வழியாக அடிமையோடு பயணம் போகக்கூட விடுவதில்லை என்பவை அந்தக் குறைகளில் முக்கியமானவை. அடுத்த மாநிலம் தன் எல்லைக்குள் என்ன பதில் சொல்லலாம் என்பதையும் அது தானே தீர்மானிக்க விரும்பியது. 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையின் மீது குண்டுகள் விழுந்தன.

இடையே 1857இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை ஒரேயடியாக முடித்துவைக்க முயன்றது. கருப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது, மேற்கு நிலங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. வழக்கின் பெயர் டிரெட் ஸ்காட். ஆனால் 1846இல் செயின்ட் லூயிஸில் தாக்கலானவை இரண்டு வழக்குகள். மற்றொன்று அவர் மனைவி ஹாரியட்டுடையது. அவர்களுக்கு எலைசா, லிஸி என்று இரண்டு மகள்கள். 1662இல் தொடங்கிய அந்த விதிப்படி அவர்களின் விடுதலை தந்தையின் வழக்கைச் சார்ந்ததல்ல, தாயின் வழக்கைச் சார்ந்தது. பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார்கள், கணவர் பெயர் மட்டும் மிஞ்சியது. தோற்ற சில வாரங்களில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மறு ஆண்டே டிரெட் இறந்தார். துணி வெளுத்துப் பிழைத்த ஹாரியட், போரையும் அடிமைமுறையின் முடிவையும் பார்த்துவிட்டு, 1876வரை அதே செயின்ட் லூயிஸில் வாழ்ந்தார்.