மலை தடுத்திலது



யப்பான் தேசத்து மலைகளுள் மிக உயர்ந்தது பூஜி மலை. அதன் உயரம் 3776 மீற்றர். அதனைத் தெய்வத்தானமாகப் போற்றும் யாத்திரிகர் வெள்ளுடை தரித்து, கோலூன்றி, பத்து நிலைகளாக வகுத்த வழியே சிகரம் அடைவர். ஏறுங்கால், ஆறு இந்திரியங்களும் தூயன ஆகுக என்னும் பொருள்பட ஓதிச் செல்லுதல் அவர் மரபு. அவ்வாறாவன கண், காது, மூக்கு, நாக்கு, மெய், மனம் என்பன. நம்மவர் கூறும் ஐம்பொறியும் மனமுமே இவை.

இவற்றைத் தூய்மை செய்யுங் கடன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேயன்றோ? அங்ஙனமாகவும், அச்சிகரம் நெடுங்காலம் பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. 1832ஆம் ஆண்டிலே தக்கயாமா தத்சு என்னும் பெண்மணி ஆண்வேடம் பூண்டு சிகரம் சேர்ந்தார். மலை சினந்திலது, முடி சரிந்திலது. 1872இல் அரசாங்கம் அவ்விலக்கை நீக்கிற்று. தடுத்தது மலையன்று, மனிதரே.

கல்வியும் ஒரு மலையே. “இவளுக்கு இவ்வளவு படிப்புப் போதும்”, “இவன் குலத்திற்கு இது ஏலாது” என்று நாம் வாய்திறவாது எண்ணும் எண்ணமும் ஒரு விலக்கேயாம். எழுதப்படாத அவ்விலக்கை எந்தச் சட்டம் நீக்க வல்லது? இட்டவரே எடுத்தல் வேண்டும். பிள்ளைகளுக்குத் தூய்மை போதிக்கும் நாம், நாளைக் காலை வகுப்பினுட் புகுமுன் நம் மனத்தைத் தூய்மை செய்வோமாக. கடை வாங்கிலே ஒதுங்கியிருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி முன்னே அழைப்போமாக. திருவருள் துணைநிற்க.