மெட்டுக்காரிகள்

சினிமாவில் பாட்டு பிறக்கும் விதம் நமக்கெல்லாம் மனப்பாடம். இயக்குநர் சூழலைச் சொல்வார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் விரல் வைப்பார், 'தன்னன்னா' என்று மெட்டு வரும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி போன்ற கவிஞர் அதற்குள் சொல்லைப் பொருத்துவார். எல்லாம் முடிந்தபின் ஒரு பெண் வந்து மைக் முன்னால் நிற்பாள். குரல் அவளுடையது. மெட்டு மட்டும் ஏன் அவளுடையதாக இருப்பதில்லை?

நாட்டுப்புறவியல் தாளுக்காக என் மாணவி ஒருத்தி, கொள்ளிடத்துக்கு வடக்கே தன் ஊரில் அப்பாயி பாடிய நடவுப் பாட்டைப் பதிவு செய்து வந்தாள். "பண்ணையாரு வரப்புல நின்னா இப்படி, அவரு அந்தாண்ட போயிட்டா இப்படி" என்று ஒரே பாட்டை இரண்டு நடையில் பாடிக் காட்டுகிறார் அந்த அம்மா. இடுப்பு கடுக்கும்போது எங்கே இழுக்க வேண்டும், இளசுகள் பின்தங்கினால் எங்கே முடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சூழலுக்கு மெட்டுப் போடுவது என்பது வேறென்ன? ஆனால் சேகரிப்புப் படிவத்தில் 'பாடியவர்' என்ற இடத்தில்தான் அவர் பெயர். 'இயற்றியவர்' என்ற இடத்தில் ஒரு கோடு.

1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது கிராமத்து மெட்டு திரையரங்கை நிறைத்தது. இளையராஜாவின் படைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மெட்டை வயலினுக்கும் குழலுக்கும் பிரித்து எழுதுவதும், எந்தக் காட்சியில் இசையே வேண்டாம் என்று தீர்மானிப்பதும் தனிக் கலை. எடுத்தாள்வதே திருட்டு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டு கைமாறித்தான் உயிர் வாழ்கிறது. கைமாறும்போது யார் பெயர் உதிர்கிறது என்பதுதான் என் கேள்வி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்புக்கு ஆசிரியர் என்று இசையமைப்பாளரைச் சொல்கிறது. 2012இல் வந்த திருத்தம் அவருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது. நல்ல திருத்தம்தான். நடவு வயல் வரை அது வரவில்லை.

இது ஏழைப் பெண்ணுக்கு மட்டும் நேர்வது என்றும் சொல்ல முடியாது. பவதாரிணி இசை வீட்டிலேயே பிறந்தவர். ரேவதி இயக்கி, தொழில்நுட்பக் குழுவில் பெண்களே நிறைந்திருந்ததாகப் பேசப்பட்ட 'மித்ர், மை ஃபிரண்ட்' (2002) படத்துக்கு இசையமைத்தவர். பிறகும் சில படங்கள் செய்தார். 2024 ஜனவரியில் அவர் மறைந்தபோது தலைப்புகளில் பெரும்பாலும் 'பாடகி' என்ற சொல்தான். 'பாரதி' படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய குரல், அதில் பொய்யில்லை. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் இசையமைத்த படம் ஒன்றின் பெயர்கூட வரவில்லை.

"அந்தக் கோட்டுல அப்பாயி பேரை எழுதிடவா மேம்? ஆனா ஊர்ல இன்னும் அஞ்சாறு பேரு இதையே வேற மாதிரி பாடுவாங்களே" என்றாள் மாணவி. அவர்களையும் கேட்டு எழுதச் சொன்னேன். கோட்டில் இடம் போதாமல் தாளின் பின்பக்கம் எழுதி வந்திருக்கிறாள்.