விடை யாருடையது?

சீடன்: ஐயா, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அசைன்மென்ட் எழுதுகிறேன். மதிப்பெண் ஏறுகிறது. ஆனால் வகுப்பில் கேள்வி வந்தால் நா எழுவதில்லை. என் மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஏன் இறங்குகிறது?

குரு: அந்த மதிப்பெண் உன்னுடையது அல்ல என்று உனக்கே தெரியும். முடியாது என்று மலைத்த ஒன்றைத் தானே முடித்த அனுபவம்தான் தன்னம்பிக்கைக்கு வலுவான ஊற்று. உளவியலாளர் ஆல்பர்ட் பாந்துரா 1977இல் வலியுறுத்தியதும் இதையே.

சீடன்: கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தானே அஞ்சினார்கள்?

குரு: எதை எதால் பெருக்குவது என்று கால்குலேட்டருக்கு நீதான் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கோ கேள்வியை அப்படியே கொடுத்தால் போதும். வழி தேடும் வேலையும் கைமாறிவிடுகிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சாட்ஜிபிடி போன்ற கருவியோடு கணக்குப் போட்டவர்களுக்குப் பயிற்சியில் மதிப்பெண் 48 விழுக்காடு கூடியது. கருவியில்லாமல் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைந்தது.

சீடன்: அப்படியானால் விட்டுவிடட்டுமா?

குரு: அவசரப்படாதே. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். அவர்களிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. நீயே முயன்று, எங்கே சிக்கினாய் என்று சொல்ல முடிந்த பிறகு அதனிடம் போ.

சீடன்: அதன் விடை என்னுடையதைவிட அழகாக இருக்கிறதே. நான் யோசித்து என்ன ஆகப்போகிறது என்று மனம் சோர்கிறது.

குரு: அது தவற்றையும் அதே அழகோடு சொல்லும். சொந்தமாக ஒரு விடை கையில் இருப்பவனுக்குத்தான் அதை ஒப்பிட்டுச் சந்தேகிக்க முடியும். வெறுங்கையோடு போகிறவன் நம்பியே ஆக வேண்டும். சுயசிந்தனை தேய்வது அங்கேதான்.

சீடன்: அதை ஆசிரியராக வைத்துக்கொள்ளலாமா?

குரு: வைத்துக்கொள். ஆனால் நன்னூல் போடும் கணக்கை மறக்காதே. ஆசிரியர் சொல்லக் கேட்டால் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருவது. எவ்வளவு நல்ல கருவியானாலும், கேட்டுக்கொண்டே இருந்தால் முதல் காலிலேயே நின்றுவிடுவாய்.

சீடன்: இன்று எங்கிருந்து தொடங்கட்டும்?

குரு: புதிதாக ஒரு கணக்கை எடு. அரைமணி நேரம் போனைத் தொடாதே. விடை தவறானாலும் என்னிடம் கொண்டுவந்து, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாய் என்று விளக்கு. விளக்கும்போதே பிழை உன் கண்ணில் பட்டால், அது நீ சம்பாதித்த அறிவு. அதன் மேல் உன் மதிப்பைக் கட்டு.