மூச்சு வகுத்த எல்லை

எங்கள் பாறசாலைப் பக்கத்திலிருந்து கடலைப் பார்க்க இறங்கினால் பொழியூர் வரும். கேரளக் கரையின் கடைசி ஊர் அது. அடுத்து தமிழ்நாட்டின் கொல்லங்கோடும் நீரோடியும். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் அந்தப் பக்கம் சேர்ந்தது, நெய்யாற்றின்கரை வட்டம் இந்தப் பக்கமே நின்றது. மரச்சீனிக் கிழங்கும் சிப்பிக் கறியும் இன்றைக்கும் இரு பக்கத்துக்கும் பொதுதான்.

அந்தச் சிப்பி தட்டுக்கு வரும் வழி எனக்குள் பல காலமாக ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. மழைக்காலக் கொந்தளிப்பு அடங்கி நீர் தெளிந்ததும் கட்டுமரம் பாறைகளை நோக்கிப் போகும். இறங்குகிறவரின் முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, கையில் சிப்பியைப் பெயர்க்க ஒரு இரும்பு. மரத்தின் ஓரத்தைப் பிடித்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்துத் தலைகீழாக இறங்குவார். பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பெயர்த்துப் பையில் போடுவார். கீழே எவ்வளவு மிச்சம் கிடந்தாலும், மூச்சு முட்டினால் மேலே வந்தாக வேண்டும். தடிகளைக் கயிற்றால் பிணைத்த மரமும் கொஞ்சம் பாரம்தான் தாங்கும். எவ்வளவு எடுப்பது என்பதை மனிதனின் ஆசை தீர்மானிக்கவில்லை. மூச்சும் மரமும் தீர்மானித்தன.

இன்று கடலடியைப் பார்க்க மூச்சடக்க வேண்டியதில்லை. லங்காவியிலும் பூக்கெட்டிலும் மொரீஷியஸிலும் இரட்டை உடல் கொண்ட பெரிய வெள்ளைப் படகுகள் காலையில் கிளம்பி, தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டு மதியத்துக்குள் கரை சேர்க்கின்றன. முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், உடம்பில் மிதவைச் சட்டை. நீந்தத் தெரியாதவர்கூட முகத்தைக் கவிழ்த்து மிதந்தபடி பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். இது நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன். கடலடியை ஒருமுறை கண்டவருக்கு அதன்மேல் அன்பு வரும். ஆனால் குழாய் மூச்சுக் கணக்கை எடுத்துவிட்டது, எஞ்சின் தூரக் கணக்கை எடுத்துவிட்டது. உடம்பு தானாக இட்டிருந்த எல்லை போனபின், எங்கே நிறுத்துவது?

தாய்லாந்தின் மாயா விரிகுடா இதற்குப் பதில் தேடிய இடம். 2000இல் வந்த ‘தி பீச்’ படம் அதைப் பிரபலமாக்கியது. நாளொன்றுக்கு சுமார் 5,000 பேர் வந்தார்கள். நங்கூரமும் கால்களும் பட்டுப் பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் அரசு விரிகுடாவை மூடியது. பவளம் நட்டார்கள், கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் உள்ளே நுழையக் கூடாது என்றும், ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்றும் விதி வந்திருந்தது. கிளைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். பாறைபோல் திரண்ட பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. களைப்பாற ஒருவர் அதன்மேல் ஒரு நிமிஷம் நின்றால் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும்.

எங்கள் எல்லைக் கடலிலும் இதே பாடம்தான். விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் கேரளத்தில் 52 நாள் மீன்பிடித் தடை, தமிழ்நாட்டின் குமரி மேற்குக் கரையில் 61 நாள். இரண்டும் ஜூலை 31 வரை. கட்டுமரத்துக்கு இந்தத் தடை இல்லை. தன் உடம்பிலேயே எல்லையைச் சுமக்கும் கலத்துக்குச் சட்டம் எல்லை போட வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டிலும் சம்பாத்தியத்திலும் கைபேசியிலும் நம் நிலை இதுவே. பசியும் களைப்பும் இருட்டும் முன்பு போதும் என்று சொல்லின. அவை சொல்லாத இடத்தில் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லையை இழந்தவனுக்கு வசதி கூடுகிறது. கூடவே பொறுப்பும் கூடுகிறது. பொறுப்பை விட்டுவிட்டு வசதியை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையல்ல.

அரைநாள் கடலுக்குப் போகிறவர்கள் போய்வாருங்கள். பவளத்தில் கால் ஊன்றாதீர்கள், எதையும் தொடாதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். ஆளைக் குறைத்து ஏற்றும் படகாகக் கேட்டு ஏறுங்கள், அதற்குக் காசு கூடினாலும் கொடுங்கள். பார்த்தது போதும் என்று நீங்களாகச் சொல்லி மேலே வாருங்கள்.